நாற்பது சுண்டெலிகளும் ஒரு விளக்கும்

மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரம் எனக்கு யாரும் வேதியியல் சொல்லித்தரவில்லை. சுண்டெலியைத் தூக்கச் சொல்லித்தந்தார்கள். வாலின் அடியைப் பிடித்து மேலே எடு, அவ்வளவுதான். பல ஆண்டுகள் அப்படித்தான் எடுத்தேன். வாலைப் பிடித்துத் தூக்கும்போது சுண்டெலி பதறுகிறது, குழாய்க்குள் நுழையவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் பதற்றம் குறைகிறது என்று 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. படித்ததும் வெட்கமாக இருந்தது, பிறகு கலக்கமாகவும். பதற்றம் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அதுவரை நான் குறித்துவைத்த எண்களில் மருந்தின் பங்கு எவ்வளவு, என் கையின் பங்கு எவ்வளவு?

புதிதாகச் சேர்பவர்களுக்கு எங்கள் கூடத்தில் ஒரு கதை சொல்வது வழக்கம். 1940 மே 25 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தியது. அவற்றில் நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். மறுநாள் காலை அந்த நான்கும் உயிரோடு இருந்தன, மற்ற நான்கும் இறந்துகிடந்தன. இதோடு கதையை முடித்துவிடுவார்கள். நான் இன்னொரு வரி சேர்ப்பேன்: பெனிசிலின் கினிப்பன்றிகளுக்கு நஞ்சு. அன்று கூண்டில் இருந்தவை கினிப்பன்றிகளாக இருந்திருந்தால், அந்த மருந்தை அப்போதே கைவிட்டிருக்கவும் கூடும்.

நான் மறக்க முடியாதது இவ்வளவு பெரிய கதை அல்ல. சர்க்கரை நோய்க்கான ஒரு சேர்மத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். நாற்பது சுண்டெலிகள், மருந்து பெறுபவை இருபது, பெறாதவை இருபது. முடிவு அழகாக வந்தது. மருந்து பெற்றவற்றுக்குச் சர்க்கரை தெளிவாகக் குறைந்திருந்தது. உறுப்புகளை எடுத்துப் பார்ப்பதற்காக நாற்பதையும் கொன்றாயிற்று. அடுத்த வாரம் இரவுக் காவலர் பேச்சுவாக்கில் கேட்டார்: "மூணு ராத்திரி முழுக்க அந்த அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததே, இரவிலும் வேலை செய்தீர்களா சார்?"

பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு விளக்கை அணைக்கும் கருவி பழுதாகியிருந்தது. சுண்டெலி இரவில் இரை தேடும் பிராணி. இருள் இல்லாவிட்டால் அதன் தீனி நேரம், தூக்கம், சுரப்புகள் எல்லாம் குலைந்துவிடும். இரு பிரிவுக்கும் ஒரே விளக்குத்தானே என்றார் குழுத் தலைவர். அங்கேதான் என் தவறு இருந்தது. கூண்டுகளை எண் வரிசையில் அடுக்கியவன் நான். மருந்து பெறாத இருபதும் மேல் தட்டில், விளக்குக்கு நேர் கீழே. மருந்து பெற்றவை நிழல் விழும் கீழ்த் தட்டில். சர்க்கரையைக் குறைத்தது சேர்மமா, நிழலா? யாராலும் சொல்ல முடியவில்லை. எண்களை வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் வாதாடியவர், கடைசியில் தாமே அவற்றை நீக்கினார். அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

எலியில் பலித்தது மனிதனில் பலிக்குமா என்று வெளியே கேட்கிறார்கள். பலிக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. 2006இல் லண்டனில் நடந்த ஒரு புதிய மருந்துச் சோதனையில், குரங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்கு மருந்தே ஆறு இளைஞர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியது. கேட்காமலே விட்டதும் உண்டு: கருவில் இருந்த குழந்தைகளின் கைகால்களை ஊனமாக்கிய தாலிடோமைடு என்ற மருந்து 1957இல் விற்பனைக்கு வந்தபோது, அதைக் கருவுற்ற விலங்குகளிடம் முறையாகச் சோதித்திருக்கவில்லை. இவற்றையெல்லாம் அறிந்த பிறகும் நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். உடலுக்குள் ஒரு மருந்து என்ன செய்யும் என்பதை முழுவதுமாகக் காட்ட, உடலுக்கு நிகரான வேறொன்று இன்னும் நம் கையில் இல்லை. ஆனால் விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் "மீண்டும் நாற்பது வேண்டும்" என்று விண்ணப்பம் எழுதியபோது, காரணம் கேட்கும் கட்டத்தை நிரப்ப எனக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

இப்போது சீட்டுக் குலுக்கித்தான் கூண்டுகளை அடுக்குகிறேன். காவலரிடம் என் தொலைபேசி எண் இருக்கிறது. விலங்குப் பதிவேட்டில் வந்தவை, பயன்பட்டவை, இறந்தவை என்று மூன்று கட்டங்கள் உண்டு. அந்த நாற்பதையும் விதிப்படி "பயன்பட்டவை" என்றுதான் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். இதுவரை யாரும் அதை அழிக்கச் சொல்லவில்லை.