இலை கொட்டினதுக்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பிக்குது

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல பின்பக்கத் தோட்டத்தைக் காட்டினேன். அம்மா பாத்துட்டு முதல் கேள்வியே "என்னடா இது, எல்லாம் பட்டுப்போச்சா?"ன்னுதான். இல்லம்மா, தூங்குதுன்னு சொன்னேன். "தூங்குற மரத்துக்கு எதுக்குடா கம்பி சுத்துற, பாவம்"னாங்க. பதில் சொல்ல முடியல, ஏன்னா நான் இங்கிலாந்துல பர்மிங்ஹாம் வந்து முதல் போன்சாய் (சட்டில குட்டையா வளர்க்கிற மரம்) வாங்கினப்ப எனக்கும் அதே சந்தேகம்தான். நம்ம ஊர் ஆலமரம், அரசமரத்துல போன்சாய் பண்றவங்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. இங்க மேப்பிள், ஹார்ன்பீம், ஹாதார்ன், பீச் எல்லாம் நவம்பர் முடியறதுக்குள்ள அம்மணமா நிக்கும் (பீச் மட்டும் பிடிவாதம், காஞ்ச இலையை வசந்தம் வரைக்கும் விடாது, கத்திரி வச்சு நாமதான் எடுக்கணும்).

அந்த அம்மணம்தான் எனக்குப் பிடிச்சதே. கோடைல மேப்பிள் எவ்ளோ அழகா இருந்தாலும் அது பாதி பொய், இலை எல்லாத்தையும் மூடிடும். எந்தக் கிளை எதுக்குக் குறுக்க போகுது, எங்க வெறும் ஓட்டை இருக்கு, எந்தக் கணு புடைச்சு நிக்குது, எல்லாம் இலை கொட்டின மறுநாள்தான் தெரியும். ஜப்பான்ல இப்படி இலையில்லாத மரத்தை ரசிக்கிறதுக்குன்னே கான்ஜுன்னு ஒரு பேரு வச்சிருக்காங்க. அங்க 1934லேர்ந்து நடக்கிற கொகுஃபுங்கற போன்சாய் கண்காட்சி டோக்கியோ உயேனோல பிப்ரவரி மாசம்தான் நடக்கும், மேப்பிள் எல்லாம் ஒரு இலை இல்லாம மேடை ஏறும், ஒளிச்சு வைக்க ஒண்ணுமே இல்லாம.

ஆனா வேலை இலை கொட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே தொடங்குது. ஆகஸ்ட் கடைசிலேர்ந்து நைட்ரஜன் குறைச்ச உரத்துக்கு மாறிடுவேன், இல்லன்னா இளசா தழைக்கும், அது முத்தறதுக்குள்ள குளிர் வந்து கருக்கிடும். அப்புறம் செப்டம்பர், அக்டோபர்ல மரம் இலைல இருக்கிற சர்க்கரையை இழுத்துத் தண்டுலயும் வேர்லயும் மாவுச்சத்தா சேத்து வைக்கும், பச்சையம் போறதால மஞ்சள் வெளில வருது, சிவப்பு அப்பதான் இலைல புதுசா உருவாகுது, பகல்ல வெயிலும் ராத்திரில குளிரும் இருந்தா மேப்பிள் சிவப்பு கண்ணைப் பறிக்கும். எல்லாரும் அதை போட்டோ எடுத்துட்டு இருப்பாங்க. அதே நேரத்துல சத்தமில்லாம இன்னொண்ணு நடக்குது, தண்டும் கிளையும் பருக்கும். கிளையை வளைக்க ஜூன்ல சுத்தின அலுமினியக் கம்பி ஜூலை, ஆகஸ்ட்ல ஒண்ணும் பண்ணாது, செப்டம்பர்ல ரெண்டே வாரத்துல பட்டைக்குள்ள இறங்கிடும். என் ஹார்ன்பீம்ல முறுக்கு மாதிரி சுத்தின தழும்பு இருக்கு, மூணு வருஷமாச்சு, இன்னும் மறையல. அதுக்கு அப்புறம் செப்டம்பர் 1ன்னு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சு, கம்பியைப் பிரிக்கவே மாட்டேன், துண்டு துண்டா வெட்டித்தான் எடுக்கிறேன். பிரிக்கப் போய் மொட்டு பிச்சுக்கிட்டு வந்ததெல்லாம் உண்டு.

கவாத்துக்கு வரேன். மேப்பிளை எப்ப வெட்டறதுங்கறதுல ஆளுக்கொரு பேச்சு, என் கட்சி இலை கொட்டி ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள முடிச்சிடணும்ங்கறது. காரணம், ஒரு தடவை பிப்ரவரில விரல் தடிமன் கிளை ஒண்ணை ரம்பத்தால அறுத்தேன், குழாய் சரியா மூடாத மாதிரி நாலஞ்சு நாள் சொட்டிக்கிட்டே இருந்துச்சு. ராத்திரி உறைஞ்சு பகல்ல இளகற சமயத்துல மேப்பிள்ல சாறு அப்படித்தான் ஏறும், கனடாக்காரன் மரத்துல ஓட்டை போட்டு சிரப் எடுக்கிறதும் அந்த சீசன்லதான். எனக்கு அடுப்பு ஏத்திக் காய்ச்சற அளவுக்கு வரல, பயம்தான் வந்துச்சு.

மேப்பிள்ல மொட்டு ஜோடி ஜோடியா எதிரெதிரா இருக்கும், பென்சில் நுனி மாதிரி கூரா, கருஞ்சிவப்பா. ஜோடிக்கு மேல ஒரு அரை சென்டிமீட்டர் கட்டை விட்டு வெட்டுவேன், ஒட்ட வெட்டினா காஞ்சுக்கிட்டே கீழ இறங்கி மொட்டையும் சேத்துக் கொன்னுடும். அடுத்த வருஷம் அந்தக் கட்டையை எடுத்துக்கலாம். பெரிய காயத்துக்குக் கட் பேஸ்ட் (வெட்டின இடத்தை மூடற பசை) அப்பிடணும். இங்க ஈரக் குளிர்ல காஞ்ச குச்சில ஆரஞ்சும் ரோஸும் கலந்த கலர்ல குட்டிக் குட்டிப் புள்ளியா ஒரு பூஞ்சை வரும், கோரல் ஸ்பாட்டுன்னு பேரு, கேசரிப் பவுடர் தூவின மாதிரி இருக்கும். பாத்தவுடனே உயிருள்ள இடம் வரைக்கும் வெட்டி குப்பைல போட்டுடணும், உரக்குழில போடக்கூடாது.

நம்ம ஊர்ல முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும்பாங்க. சொல்றது இங்கயும் சரிதான், பழமொழியோட மிச்ச பாதியைத்தான் நான் ஒத்துக்கமாட்டேன்.

இனி குளிர். முதல் வருஷம் நான் பண்ணின கூத்து, ஐயோ குளிருமேன்னு மேப்பிளைத் தூக்கி வீட்டுக்குள்ள, ரூமைச் சூடாக்கற ரேடியேட்டர் பக்கத்து ஜன்னல்ல வச்சேன். ஜனவரிலேயே வெளிறிப்போய் நீட்ட நீட்டமா துளிர் விட்டுச்சு, நான் குதிச்சேன், மே மாசம் மரம் இல்ல. இந்த மரங்களுக்குக் குளிர்ங்கறது கஷ்டம் இல்ல, தேவை. வாரக்கணக்குல குளிர்ல கிடந்தாத்தான் மொட்டுக்கு எழுந்திரிக்கற உத்தரவே கிடைக்கும்.

அதுக்காக அப்படியே விட்டுடவும் முடியாது, ஏன்னா தரைல இருக்கிற மரத்தோட வேர் மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கு, சட்டில இருக்கிறதுக்கு நாலு பக்கமும் காத்து. 2022 டிசம்பர்ல இங்க பத்து நாள் போல விடாம உறைபனி, நான் ஊருக்குப் போயிருந்தேன், ட்ரைடென்ட் மேப்பிள் பெஞ்சு மேலயே இருந்துச்சு. அதோட வேர் சதைப்பத்தா, தண்ணி நிறைஞ்சு இருக்கும், உறைஞ்சா போச்சு. மார்ச்ல மொட்டு உப்புச்சு, ஏப்ரல்ல அப்படியே நின்னுடுச்சு. சட்டியைக் கவுத்துப் பாத்தா வேர் எல்லாம் வெந்த வெண்டைக்கா மாதிரி கொழகொழன்னு, கைல தோல் தனியா வருது. சட்டியும் விரிசல்.

இப்பல்லாம் நவம்பர்லயே எல்லாச் சட்டியையும் பெஞ்சுலேர்ந்து இறக்கி வடக்குச் சுவர் ஓரம் தரைல நெருக்கி வச்சு மரப்பட்டைத்தூள் போட்டு மூடிடறேன். தெற்குப் பக்கம் வேண்டாம், ஜனவரில நாலு நாள் வெயில் அடிச்சா மரம் ஏமாந்து முழிச்சுக்கும். ட்ரைடென்ட் மட்டும் மைனஸ் 5ன்னு போட்டாலே ஷெட்டுக்குள்ள, இலை இல்லாததால இருட்டு ஒரு பிரச்சனையே இல்ல. தண்ணிதான் தொல்லை, காயவும் விடக்கூடாது, இந்த ஊர் மழைல ஊறவும் விடக்கூடாது, அதனால சட்டியோட ஒரு பக்கம் மரத்துண்டு வச்சு சாய்ச்சிடுவேன், தண்ணி தானா வடிஞ்சிடும். மண் மாத்தறது, வேர் வெட்டறது எல்லாம் மொட்டு உப்பற நேரத்துலதான், பிப்ரவரி கடைசி மார்ச்.

இந்த வருஷம் இலை கொட்டினதும் பெரிய மேப்பிள்ல ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. முதல் கிளை இருக்கிற இடத்துல ஒண்ணு இல்ல, மூணு கிளை ஒரே புள்ளிலேர்ந்து கிளம்புது, அந்த இடம் முழங்கால் மாதிரி வீங்கி, கீழ இருக்கிற தண்டை விட மேல குண்டா தெரியுது. விட்டா இன்னும் வீங்கும். ரெண்டை எடுக்கணும். அதுல ஒண்ணு நான் நாலு வருஷமா பாத்துப் பாத்து வளைச்ச கிளை. மூணு நாளா காபி டம்ளரோட நின்னு பாக்கறேன், பாத்துட்டு உள்ள போயிடறேன். சனிக்கிழமை மழை இல்லன்னு போட்டிருக்கான். ரம்பத்தை எடுத்து எண்ணெய் போட்டு சமையல்கட்டு ஜன்னல்ல வச்சிருக்கேன்.