படப்புத்தக மேசை: ஜூன் குறிப்புகள்

3 ஜூன் 2024, திங்கள்

குழந்தைகளுக்கான படப்புத்தகம்: 24 பக்கம், எட்டரை அங்குலச் சதுரம், நடுவில் பின், அட்டை தனி. முதல் இரண்டு பக்கம் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போய்விடும். 3-ஆம் பக்கத்தில் கதை தொடங்கினால் இடையில் 10 இரட்டைப் பக்கங்கள், கடைசியில் ஒரு ஒற்றைப் பக்கம். ஓவியரிடம் ஸ்கெட்ச் கேட்பதற்கு முன்பே ஆறு தாளை மடித்து டம்மி (மாதிரிப் புத்தகம்) செய்து, கதையை வெட்டி ஒட்டிப் பார்த்துவிட வேண்டும். "கூடைக்குள் என்ன?" என்ற வரி வலப்பக்கத்தில்தான் வரணும். இடப்பக்கத்தில் விழுந்தால் எதிரிலிருக்கும் படமே விடையைப் போட்டுக் கொடுத்துவிடும்.

12-13 மட்டும் ஒரே தாள். மற்ற ஒன்பது இரட்டைப் பக்கங்களிலும் இடமும் வலமும் வெவ்வேறு தாள்கள். மடிப்பு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் யானையின் தும்பிக்கை முறிந்ததுபோல் தெரியும். முகம், கண், எழுத்து எல்லாம் மடிப்பிலிருந்து 12 மி.மீ. தள்ளியே. முழு அகலப் படம் ஒன்றே ஒன்று என்றால் அது 12-13-க்கு.

6 ஜூன், வியாழன்

எழுத்து 20 பாயின்ட், வரி இடைவெளி 32. ஆங்கிலத்துக்குப் போதுமான 26 இங்கே போதாது: மேல் வரியில் "கூண்டு", அதன் நேர் கீழே "கிளி" வந்தால் கூவின் சுழியும் கியின் கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

ஃபான்ட் தேர்வுக்கு "பாரம்" என்ற ஒரு சொல் போதும். காலும் ரகரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ரகரத்தின் கீழ்வால் தெளிவாக இல்லாத ஃபான்ட், எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு ஆகாது, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இருபுறமும் சமன் செய்வது வேண்டவே வேண்டாம். "போய்க்கொண்டிருந்தது" மாதிரிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கினால் மேல் வரியில் ஓட்டை ஓட்டையாக வெளி விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக்கி, வரியை மூச்சுக்கு ஏற்ப உடைக்கலாம்:

யானை மெல்ல மெல்ல
ஆற்றில் இறங்கியது.

"மெல்ல மெல்ல" என்பதை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்த வரியில் போட்டால் வாசித்துக் காட்டுபவர் தடுக்கி விழுவார்.

11 ஜூன், செவ்வாய்

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யுனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்டான பாமினியில் அடித்த பழைய கோப்பு இன்னொரு தொல்லை. அதில் இகரம் காற்புள்ளி விசையில் இருக்கிறது. யுனிகோடு வரியில் பாமினி ஃபான்ட் ஒட்டிக்கொண்டால் காற்புள்ளி எல்லாம் "இ" ஆகிவிடும்.

எழுத்து 100 சதவீதக் கறுப்பு மட்டும், படத்தின் மேல் ஓவர்பிரின்ட் (கீழுள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடுவது). நான்கு வண்ணம் கலந்த கறுப்பென்றால், ஒரு வண்ணத்தின் பிளேட் (அச்சுத் தகடு) துளி நகர்ந்தாலும் புள்ளியைச் சுற்றி சிவப்பு நிழல் தட்டும். கருநீல வானத்தில் வெள்ளை எழுத்து திரையில் பளிச்சென்று இருக்கும். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் மை பரவி "ணி"யின் சுழி அடைத்துக்கொள்ளும். ஆகவே எழுத்துக்கான வெளிர் இடத்தை ஓவியர் ஸ்கெட்ச்சிலேயே விட்டாக வேண்டும். எழுத்து படத்தோடு ஒட்டாமல் தனி லேயரில் இருந்தால், தெலுங்குப் பதிப்புக்குக் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும்.

19 ஜூன், புதன்

ப்ரூஃபை (சோதனை அச்சை) அசல் அளவில் எடுத்து, மடித்து, பின் அடித்துப் புரட்டியாயிற்று. பக்கத்தைச் சுற்றிப் போட்ட மெல்லிய கட்டத்தை எடுத்தாகிவிட்டது: உள்தாள்கள் வெளியே துருத்தி நின்று வெட்டுப்படும்போது நடுப்பக்கங்களில் ஓரம் குறுகும், கட்டம் கோணலாகத் தெரியும். படம் நாற்புறமும் வெட்டுக்கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே நீள்கிறது. 9-ஆம் பக்கப் பூனையின் வால் மட்டும் வெட்டுக்கோட்டிலேயே நிற்கிறது, 5 மி.மீ. உள்ளே தள்ள ஓவியருக்குத் திரும்பப் போகிறது.