முத்திரையில் இனத்தின் பெயர் இல்லை: பெங்களூரில் மேச்சேரிக் கறிக்கடை தொடங்கிய அனுபவம்

தெருமுனை அம்மன் கோவிலின் வாசற்படியிலிருந்து எங்கள் கடைக் கதவு வரை 58 மீட்டர். 2023 ஜூலையில் ஒரு காலை வேளையில், கொத்தனாரிடம் இரவல் வாங்கிய 30 மீட்டர் நாடாவை இரண்டு முறை விரித்து, பூக்கடை அம்மாவைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டு நானே அளந்தேன். வணிக உரிமம் தரும் அலுவலகத்தின் எழுத்தர், வழிபாட்டிடத்துக்கும் கறிக்கடைக்கும் இடையே 100 மீட்டர் வேண்டும் என்று சொல்லி அதற்குள் இரண்டு முறை என் கோப்பைத் திருப்பியிருந்தார். இரண்டாம் முறை அவர் கோப்பைத் திறக்கவே இல்லை.

உணவுப் பாதுகாப்பு விதிகளின் நான்காம் அட்டவணையில் இறைச்சிக் கடைகளுக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. பொதுவான இடைவெளி 50 மீட்டர்; கோவிலின் நுழைவாயிலுக்கு நேரெதிரே கடை அமைந்தால் மட்டுமே 100 மீட்டர் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. எங்கள் கடையும் கோவிலும் தெருவின் ஒரே பக்கத்தில் இருப்பதால் நேரெதிர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அளந்தபோது எடுத்த படங்களையும் கையால் வரைந்த தெரு வரைபடத்தையும் சேர்த்து மூன்றாம் முறை கொண்டுபோனேன். எழுத்தர் அதைப் படித்துவிட்டு, காபி குடித்து வருவதாகச் சொல்லி எழுந்து போய், முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, ஒரு சொல்லும் பேசாமல் கோப்பை மேலே அனுப்பினார். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான். கடை வாடகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நாடாவைப் பிடித்துவிடுங்கள் என்பது நான் தரும் முதல் எச்சரிக்கை.

இந்தக் கடையை நான் ஏன் தொடங்கினேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காக்ஸ் டவுன் பக்கம் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன், பூர்வீகம் சேலம் மாவட்டத்து மேச்சேரி. பெரியப்பா மகன் ஊரில் ஆடு வளர்க்கிறார். மேச்சேரி ஆடு என்பது இளம்பழுப்பு நிறமும் குட்டை முடியும் கொண்ட, கம்பளி இல்லாத, கொம்பில்லாத செம்மறி. கறிக்கும் தோலுக்கும் பெயர் பெற்றது. பொட்டனேரியில் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனாலும் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது, அண்ணனின் ஆட்டுக்கும் எங்கிருந்தோ வந்த கலப்பு ஆட்டுக்கும் ஒரே விலைதான். பெங்களூரிலோ, பன்னூர் என்ற பெயரைச் சொன்னாலே மக்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். மண்டியா மாவட்டம் மளவள்ளி வட்டத்தைச் சேர்ந்த, குட்டைக் கால்களும் பின்னால் நின்று பார்த்தால் கவிழ்த்த லாடம் போன்ற தொடை அமைப்பும் கொண்ட அந்த ஆடு இந்த நகரத்தின் எல்லாப் பன்னூர்ப் பலகைகளுக்கும் போதுமான எண்ணிக்கையில் இருக்கும் என்று நான் நம்பவில்லை. எங்கள் ஊர் ஆட்டை அதன் சொந்தப் பெயரிலேயே விற்று, கூடுதல் விலையை வளர்த்தவர் கையில் சேர்க்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் நான் ஏமாந்தது என் சோம்பலால். இணையத்தில் நானே விண்ணப்பித்திருக்கலாம். ஒரு முகவரிடம் கொடுத்தேன். அவர் மூன்றே நாளில் பதிவுச் சான்றிதழைக் கொண்டுவந்து, 100 ரூபாய்க் கட்டணத்துக்கு 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய பிறகுதான், அன்றைய விதிப்படி ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே அந்தப் பதிவு பொருந்தியது என்பதைப் படித்தேன். அப்போது எங்கள் பகுதியில் மட்டன் கிலோ 800 ரூபாயை ஒட்டி விற்றது. அப்படியென்றால் ஆண்டுக்கு 1,500 கிலோ, நாளுக்கு நாலு கிலோவைச் சற்றே தாண்டினாலும் வரம்பு உடைந்துவிடும். ஒரு முழு ஆட்டைக்கூட ஒரு நாளில் விற்க முடியாத சான்றிதழை வைத்துக்கொண்டு கறிக்கடை நடத்துவது எப்படி? முகவரைக் கேட்டதற்கு, எல்லாரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் சார் என்றார். நான் ஆண்டுக்கு 2,000 ரூபாய் கட்டி மாநில உரிமத்துக்குப் புதிதாக விண்ணப்பித்தேன். தீபாவளிக்குக் கடை திறக்கும் கனவு அந்த இடத்தில்தான் ஆட்டம் கண்டது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். ஆனால் கண் கூர்மையானவர். சுவரில் ஐந்து அடி உயரத்துக்குப் பளபளப்பு ஓடு, 3 மீட்டர் ஓட்டத்துக்கு 5 செ.மீ. சரிவுள்ள தரை, தானாக மூடிக்கொள்ளும் கதவு, காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டி ஆகிய எல்லாவற்றிலும் தேறினோம். சறுக்கியது இரண்டு இடங்களில். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த புளியமரக் கட்டையில் நூல் அளவு வெடிப்பு இருந்தது. மரக்கட்டை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கெட்டியான வைர மரமாக, வெடிப்பின்றி இருக்க வேண்டும் என்று சொல்லி, அதை வெளியே எடுக்கச் சொன்னார். இரண்டாவது, என் மனைவி அரைத்து உறையிட்டு அடுக்கியிருந்த குழம்பு மசாலா. இறைச்சிக் கடையில் இறைச்சியைத் தவிர வேறெதையும் விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மசாலாவுக்காக அடித்த தேக்குப் பலகை அடுக்கு இன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் புத்தகம் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதோடு, தோல், குளம்பு, தலை, கழுவாத குடல் எதையும் கடையில் வைத்திருக்கக் கூடாது என்றும் அவர் நினைவூட்டினார். தலைக்கறி இல்லாத கறிக்கடையை நம் ஆட்கள் கடையாகவே மதிக்க மாட்டார்கள் என்று நான் முனகியதற்கு அவர் சிரித்தாரே தவிர, குறிப்பில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

மாநில உரிமம் நவம்பர் 16ஆம் தேதி வந்தது. தீபாவளி 12ஆம் தேதியே முடிந்துவிட்டது. மறுநாள் கார்த்திகை ஒன்று. எங்கள் தெருவில் பாதிப் பேர் மாலை போட்டுக்கொண்டார்கள்.

ஆடுகளைக் கொண்டுவந்த கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போனது அதில்தான். நாலரை அல்லது ஐந்து டன் வண்டியில் 40 செம்மறிக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதி. தரகர் 55 ஏற்றலாம் என்றார்; நான் 36 ஆடுகளோடு நிறுத்திக்கொண்டு, கிடாக்களுக்கும் பெட்டைகளுக்கும் நடுவே பலகைத் தடுப்பு வைக்கச் சொன்னேன். பயணம் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் ஆடுகள் பயணத்துக்கு ஏற்றவை என்ற கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். வழக்கமாக ஐந்து மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்று ஓட்டுநர் உறுதியாகச் சொன்னதால் சான்று வாங்காமல் விட்டோம். அன்றைக்குத் தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து, வண்டி ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் ஆடு அறுக்கும் கூடமான ஆட்டுத்தொட்டியின் வாயிலுக்கு வந்தது. வாயிலில் கேட்ட முதல் கேள்வியே சான்று எங்கே என்பதுதான். அண்ணன் ஊரில் மருத்துவரைத் தேடி ஓட, நான் இங்கே கைபேசியை நீட்டி நெரிசல் செய்தியைக் காட்டிக் கெஞ்ச, இரவு முழுவதும் ஆடுகள் வண்டியிலேயே நின்றன. தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சான்றை வாங்கிவிடுங்கள்.

உள்ளே போன பிறகும் அன்றே அறுத்துவிட முடியாது. 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி, வந்த ஆடுகளை 24 மணி நேரம் ஓய்வில் வைத்த பிறகே மருத்துவர் சோதிக்க வேண்டும்; அவரும் ஒரு மணி நேரத்தில் 12 ஆடுகளுக்கு மேலும் ஒரு நாளில் 96 ஆடுகளுக்கு மேலும் சோதிக்கக் கூடாது. ஆக, வாரக் கடைசிக்கு வேண்டிய ஆடு வியாழன் காலையிலாவது உள்ளே இருந்தாக வேண்டும். நான் வெள்ளி இரவுக் கணக்கில் திட்டமிட்டிருந்தேன்.

என்னோடு கூட்டாளியாகச் சேர்ந்த, சிவாஜி நகரில் முப்பது ஆண்டுகள் தொழில் செய்த பாய், பட்டியில் நின்ற பெட்டைகளின் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்து, "சார், இதில் நாலு சினை" என்றார். மருத்துவரும் மறுநாள் அதையே சொல்லி நான்கையும் விலக்கினார். சினை ஆட்டையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி உள்ள தாய் ஆட்டையும் அறுக்கக் கூடாது என்பது விதி. அண்ணனைத் தொலைபேசியில் கோபித்துக்கொண்டேன். அவர் அமைதியாக, "ஏந்தம்பி, தீவனம் இல்லாத காலத்தில் பெட்டையை விற்காமல் என்ன செய்வான்? பக்கத்துத் தோட்டத்துக்காரன் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஓர் இனத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அதன் சினைப் பெட்டைகளை அறுக்கக் கொண்டுவந்திருந்தேன் என்பதுதான் அந்த வாரத்தில் என்னை உறங்கவிடாத எண்ணம். அதன் பிறகு கிடா மட்டுமே வாங்குவது, அதற்குச் சந்தை விலையைவிட உயிரெடைக் கிலோவுக்கு 25 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். நான்கு பெட்டைகளும் ஓசூரில் மாமாவின் காலி மனையில் இறங்கின.

இத்தனைக்கும் பிறகு கறி முத்திரையோடு வெளியே வந்தபோதுதான் பெரிய ஓட்டை கண்ணில் பட்டது. மருத்துவரின் முத்திரை, கறி உண்ணத் தகுந்தது என்று சொல்கிறது. ரசீதில் எண்ணிக்கையும் தேதியும் இருக்கின்றன. ஆட்டின் இனத்தை எழுத எங்கும் இடமில்லை. மேச்சேரி என்று ஓரமாகவாவது எழுதித் தரும்படி கேட்டேன். ரசீது எழுதுபவர் பேனாவைக் கீழே வைக்காமலேயே, "குரி, அஷ்டே" என்றார். செம்மறி, அவ்வளவுதான். அவர் மீது குற்றமில்லை. அவருடைய படிவத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. கடையின் சுவருக்கும் தரைக்கும் கதவுக்கும் தனித்தனியே விதி வைத்திருக்கிற ஏற்பாட்டில், தட்டில் விழும் கறி எந்த ஊர் ஆடு என்று சொல்ல ஒரு வரி இல்லை. எந்தச் செம்மறியும் பன்னூராக விற்பனையாவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

நாங்களே வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அண்ணன் ஒவ்வோர் ஆட்டின் காதிலும் எண்ணிட்ட பிளாஸ்டிக் வில்லையைக் குத்தி, வளர்த்தவர் பெயர், ஊர், வாங்கிய தேதி, உயிரெடை ஆகியவற்றை நோட்டில் எழுதி, படம் எடுத்து அனுப்பினார். முதல் முறை அது முழுத் தோல்வி. வில்லை காதில் இருக்கிறது, காது தலையில் இருக்கிறது, ஆட்டுத்தொட்டியில் உடலைவிட்டு முதலில் பிரிவது தலை. 36 ஆடுகளில் சினையை விலக்கியது போக 32 உடல்கள் தொங்கின. எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாம் முறை பாய் அருகிலேயே நின்று, தலை பிரியும் முன்பே அதே எண் கொண்ட சீட்டைப் பின்னங்கால் நரம்பில் கட்டினார். இந்த வேலைக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாள் கூலி கூடுதலாகிறது. ஆனால் கடையில் தொங்கும் ஒவ்வோர் உடலுக்கும் கீழே, எந்த ஊர், யார் வளர்த்தது, என்று அறுத்தது என்று இப்போது சீட்டு வைக்க முடிகிறது. ஆட்டுத்தொட்டி ரசீதை அதே கோப்பில் சேர்த்து வைக்கிறேன். அங்கீகரிக்கப்பட்ட கூடத்திலிருந்துதான் கறி வந்தது என்பதற்கு அந்த ஆவணம் கடையில் இருந்தாக வேண்டும்.

விடுமுறைப் பட்டியலையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். காந்தி ஜயந்தியும் மகாவீர் ஜயந்தியும் எல்லாருக்கும் தெரியும். நவம்பர் 25, சாது வாஸ்வானி பிறந்த நாள், பெங்களூரில் இறைச்சி விற்பனைக்குத் தடையுள்ள நாள் என்பது எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு அது சனிக்கிழமை. நான் கடை திறக்கக் குறித்திருந்த நாளும் அதுவே. காலை ஐந்து மணிக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கோழிக்கடைக்காரர் வந்து, இன்றைக்குக் கடை கிடையாதே என்று சொல்லிவிட்டுப் போனார். சனவரி 30 சர்வோதய நாளும் அதே பட்டியலில் இருக்கிறது.

ஞாயிறு அன்று திறந்தோம். முதலில் வந்தவர் பன்னூரா என்று கேட்டார், இல்லை, மேச்சேரி என்றேன், போய்விட்டார். அன்று அப்படி ஆறு பேர் போனார்கள் என்று பாய் கணக்கு வைத்திருந்தார். பன்னூர் என்று சொல்லியிருந்தால் அந்த ஆறு பேரும் வாங்கியிருப்பார்கள், யாருக்கும் தெரிந்திருக்காது என்றும் அவர் சொன்னார். ஏழாவதாக வந்த சேலத்துக்காரர், சீட்டிலிருந்த ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு, தன் மாமியார் ஊர் அது என்று இரண்டு கிலோ தொடைக்கறி வாங்கினார். பிறகு, தலைக்கறி இல்லையா என்று கேட்டார்.