சுருதிக் கணக்கு

எல்லோருக்கும் ஒரு பாடகரையோ நடிகரையோ பிடிக்கும். எனக்குப் பிடித்தது ஒரு மெல்லிசைக் குழுவின் பேஸ் கிட்டார்காரரை. சொன்னால் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம் என்று மாரியம்மன் பண்டிகையில் ஆரம்பித்துக் கல்யாண வரவேற்பு வரை முப்பது வருஷத்துக்கு மேலாக வாசித்துவரும் குழு அது. கேட்காமல் எழுதுகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

பைத்தியம் பிடித்த கதை இது. எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னின் குட்டி ஸ்பீக்கரில் அடிச்சத்தம் எதுவும் வெளியே வராது, கீச்சென்று மேல்சத்தம் மட்டும்தான். இளையராஜா பாட்டுக்குள் பேஸ் கிட்டார் தனியாக இன்னொரு பாட்டு பாடிக்கொண்டு போகிறது என்பதே பதினாறு வயது வரை எனக்குத் தெரியாது. 1996இல் இவர்கள் கச்சேரியில், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது அது நெஞ்சில் வந்து இடித்தது. அடுத்த கச்சேரிக்கு அந்த டூ-இன்-ஒன்னையே தூக்கிக்கொண்டு போய் மேடையோரம் வைத்து ஒரு கேசட் பதிவு செய்தேன். இன்னும் இருக்கிறது, இன்னும் ஓடுகிறது.

இந்தத் தைப்பூசத்துக்கு அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் மத்தியானமே குமாரசாமிப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன். முருகன் கோயில் தேரைப் பெண்கள் வடம் பிடித்து இழுப்பது இங்கே விசேஷம், அதைப் பார்க்கவே கூட்டம் நெரியும். நான் போனது மேடை போடுவதைப் பார்க்க. உண்மையில் பயந்துகொண்டுதான் போனேன். இப்போதெல்லாம் நிறைய குழுக்கள் லேப்டாப்பில் மைனஸ் டிராக்கை, அதாவது குரல் நீக்கிய பாட்டை, ஓடவிட்டு இரண்டு பாடகர்களை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். வேனிலிருந்து முதலில் தபேலா இறங்கியது, அப்புறம் டிரம்ஸ், ஆக்டோபேட், கடைசியில் பழுப்பு நிற உறையில் அந்தக் கிட்டார். அப்பாடா என்றிருந்தது. முன்பு பதினாறு பேர் வருவார்கள், இப்போது ஏழே பேர். புல்லாங்குழல்காரர் இல்லை, வயலின் எப்போதோ போய்விட்டது, இரண்டையும் கீபோர்டுகாரர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

தை மாசப் பனி வேறு. முன்வரிசையில் பாதிப் பேர் குரங்குக் குல்லாவில். பனி ஏறினால் தபேலாத் தோல் இளகிச் சுருதி இறங்கிவிடும், அதனால் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை தபேலாக்காரர் சின்னச் சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டே இருந்தார். அறிவிப்பாளர் அந்த இடைவெளியில் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயரை எல்லாம் வாசித்துத் தீர்த்தார். ஒரு கன்னடப் பாட்டு கேட்டுச் சீட்டு வந்தது, அதையும் பாடினார்கள். எஸ்.பி.பி. 2020இல் போனதிலிருந்து அவருக்கென்று தனியாக அரை மணி நேரம் வைத்திருக்கிறார்கள், அதில்தான் விஷயமே.

பாடகர் அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. குரல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மேல் ஸ்தாயியில் பழைய மாதிரி போய் உட்காராது. நான் வரி வரியாக மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அந்தக் கேசட் பாட்டு வந்தது. சரணத்தில் பேஸ் தடதடவென்று கீழே இறங்கும் இடம் ஒன்று உண்டு, அதற்காகவே காத்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தபோது இறங்கவில்லை, மேலே ஏறினார்! பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை, எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் புரிந்தது. பாடகருக்காகப் பாட்டையே கீழே இறக்கியிருக்கிறார்கள். கீபோர்டுகாரருக்கு டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டினால் முடிந்தது. பேஸ் கிட்டாரில் அப்படி இல்லை, நாலு கம்பியில் தடித்தது 'ஈ' (E) ஸ்வரக் கம்பி, அதற்குக் கீழே போக வழி கிடையாது. அதனால் அந்த இடத்தை மட்டும் மேலே திருப்பி, பாட்டு உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கேசட் என் தலைக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதோடு ஒப்பிட்டு ஒரு கட்டை (சுருதியை அளக்கும் கணக்கு) இறக்கம் என்று கணித்தேன்.

சரியாகப் பத்து மணிக்கு நிறுத்திவிட்டார்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து விதி சொல்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது பத்து மணிக்குத்தான் சாமிப் பாட்டே முடியும்.

மேடைக்குப் பின்னால் அவர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவரிடம் பேசியதே இல்லை. போய் நின்று, பெரிய கண்டுபிடிப்பு மாதிரி, "அண்ணா, அந்தப் பாட்டை ஒரு கட்டை இறக்கிட்டீங்களா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணரை."

"ஒண்ணுதான்ணா. எங்கிட்ட உங்க பழைய கேசட்டே இருக்கு."

"தம்பி, ஒரு கட்டைன்னா அந்த இடத்துல ஈ கம்பியை விரல் வைக்காம சும்மா விட்டுத் தட்டினாலே போதுமே. நான் எதுக்கு மேல போறேன்?"

பதில் இல்லை. வயரின் இன்னொரு முனையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேசட்டைப் போட்டேன். போனில் டியூனர் செயலியைத் திறந்து பக்கத்தில் வைத்து, சினிமாப் பாட்டின் ஒரிஜினலோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்தில் பாடகர் அண்ணன் ஒரிஜினல் சுருதியில்தான் பாடுவார். கேசட் அரைக் கட்டை கீழே ஓடுகிறது. டூ-இன்-ஒன்னின் ரப்பர் பெல்ட் தளர்ந்து, நூற்றுக்கு ஆறு பங்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எத்தனை வருஷமாக இப்படித் தப்பாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேனோ. தர்மபுரியிலோ சேலத்திலோ இந்த பெல்ட் இன்னும் விற்கிற கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.