கோமுக் போகிறீர்களா? முதலில் தூங்கும் இடங்களைத் திட்டமிடுங்கள்

கங்கையின் மூல நதியான பாகீரதி பிறக்கும் பனியாற்று முகப்புதான் கோமுக். உத்தரகாண்டின் கங்கோத்ரியிலிருந்து அது 18 கிலோமீட்டர் நடை. இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் பலரும் "ரெண்டு நாள் போதுமே" என்கிறார்கள். பாதை தெளிவானது, ஏற்றமும் பெரும்பாலும் மெதுவானது. ஆளைப் படுக்க வைப்பது உயரம். கங்கோத்ரி சுமார் 3,100 மீட்டர். இரவு தங்கும் போஜ்பாசா சுமார் 3,800 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது.

அதனால் எங்கே எத்தனை இரவு தூங்குவது என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் நாங்கள் மற்ற வேலைகளைத் தொடுகிறோம். ரிஷிகேஷிலிருந்து கிளம்பினால் முதல் இரவு உத்தரகாசி, அடுத்த இரவு சுமார் 2,600 மீட்டரில் உள்ள ஹர்சில், மூன்றாவது கங்கோத்ரி. நான்காம் நாள் காலையில்தான் நடை. ரிஷிகேஷிலிருந்து ஒரே நாளில் கங்கோத்ரி போய் மறுநாளே நடக்கத் தொடங்குபவர்கள்தான் போஜ்பாசாவில் தலைவலியும் வாந்தியுமாகப் படுக்கிறார்கள். உயரத்தால் வரும் இந்தத் தொல்லைக்கு டயாமாக்ஸ் மாத்திரை உதவும். ஆனால் சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கு ஆபத்தாகலாம். ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது அனுமதிச் சீட்டு. கோமுக் கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. மே, ஜூனில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே தேதி கையில் வந்த பிறகே தங்குமிடத்துக்கும் வண்டிக்கும் பணம் கட்டுங்கள். அடையாள அட்டையின் அசலும் இரண்டு நகல்களும், உடல் தகுதிச் சான்றும் கையோடு இருக்கட்டும். சாதாரணச் சீட்டு இரண்டு நாளுக்கானது. கோமுக்குக்கும் மேலே உள்ள தபோவனம்வரை போக நினைத்தால் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், வழிகாட்டியும் தேவை. கங்கோத்ரிக்கான சார்தாம் யாத்திரைப் பதிவு வேறு, இந்தச் சீட்டு வேறு. இரண்டையும் ஒன்றென நினைத்து வருபவர்கள் சோதனைச் சாவடியில் திரும்ப நேர்கிறது.

மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை, பிறகு செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுவரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். 2025 ஆகஸ்ட் 5 அன்று தராலி கிராமத்தை வெள்ளம் அடித்துப்போனது, இதே கங்கோத்ரி சாலையில்தான். நல்ல மாதத்திலும் மண் சரிந்து சாலை அடைபடும். திரும்பும் ரயிலுக்கு முன் இரண்டு நாள் சும்மா விட்டு வையுங்கள்.

நடக்கும் நாளில் கங்கு சோதனைச் சாவடியைக் காலை 8 மணிக்குள் கடந்துவிடுங்கள். பிளாஸ்டிக் பொருள்களை எண்ணி எழுதி முன்பணம் வாங்குவார்கள். திரும்பும்போது அத்தனையையும் காட்டினால்தான் பணம் திரும்பும். 9 கிலோமீட்டரில் சீர்பாசா. அதைத் தாண்டி வரும் கீலா பஹாட் சரிவைத்தான் முழுத் திட்டமும் மனதில் வைக்க வேண்டும். தளர்ந்த மண்ணும் கல்லுமான சரிவு அது. வெயில் ஏற ஏறப் பிடிப்பு விடும், மதியத்துக்கு மேல் காற்று கிளம்பும், மேலே மேயும் பரல் ஆடுகள் கல்லை உருட்டிவிடும். அங்கே நின்று படம் எடுக்காதீர்கள். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, ஒருவர் மேலே பார்த்துச் சொல்ல, மற்றவர்கள் கடந்து போங்கள். ஓடைகளிலும் மதியத்துக்குப் பிறகு பனி உருகி நீர் கூடும். மரப்பாலங்களை முற்பகலில் கடப்பதே நல்லது.

போஜ்பாசாவிலிருந்து கோமுக் 4 கிலோமீட்டர். விடியும்போது கிளம்பி, 10 மணிக்குள் போஜ்பாசா திரும்பிவிட்டால், இறங்கும்போதும் அந்தச் சரிவை வெயில் கடுமையாகும் முன் தாண்டலாம். பனியாற்றின் முகப்புக்குக் கீழே போகவே கூடாது. வீட்டளவு பனிக்கட்டிகள் எந்த அறிகுறியும் இல்லாமல் உடைந்து விழும். தூரத்திலிருந்தே முகப்பும் பாகீரதி சிகரங்களும் நன்றாகத் தெரிகின்றன.

முதுகுப்பை 8 கிலோவுக்குள் இருக்கட்டும். உள்ளே தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், பிறகு இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே மழை ஜாக்கெட். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாமல் உடலைக் குளிர வைக்கும். காலணி புதிதாக இருந்தால் ஒரு மாதம் போட்டுப் பழக்கிவிட்டுக் கொண்டு வாருங்கள்; நகத்தை ஒட்ட வெட்டாவிட்டால் இறக்கத்தில் பெருவிரல் கன்றிப்போகும். போன், பவர் பேங்க் இரண்டையும் இரவில் தூங்கும் பைக்குள் வையுங்கள். பணத்தை உத்தரகாசியிலேயே எடுத்துவிடுங்கள்.

போஜ்பாசாவில் லேசான தலைவலி என்றால் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்கலாம், ஆனால் அதற்கு மேல் ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ஒரு காலின் விரலை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, நேரம் பார்க்காமல் கீழே இறக்குங்கள். அவரைத் தனியே அனுப்பாதீர்கள்; தன் நிலை மோசமாவது அவருக்கே தெரியாது. கூடப் போவது யார் என்பதைக் கங்கோத்ரியிலேயே பேசி வைத்துவிடுங்கள்.