வயதுக்கு ஒரு கட்டம்

மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை, மாதாந்திர அறிக்கை நிரப்புவது. புதியவர், பழையவர், ஆண், பெண், நோயின் வகை என்று படிவத்தில் கட்டங்கள் இருந்தன. வயதுக்குக் கட்டம் இல்லை. எட்டு வயதுச் சிறுமியும் அறுபது வயது முதியவரும் ஒரே கூட்டுத்தொகைக்குள் போய்விடுவார்கள்.

சில மாதங்கள் அது எனக்கு உறுத்தவே இல்லை. உறுத்தவைத்தவள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி; ஞாயிற்றுக்கிழமை வலி வராது. ஸ்கேன் எடுத்தாயிற்று, பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. கடைசியில் குழந்தை மருத்துவர் எங்களிடம் அனுப்பினார். அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தான் பள்ளியில் இருக்கும்போது அம்மாவும் போய்விடுவாளோ என்ற பயம்; அதைச் சொல்லத்தான் அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னேன். வரவில்லை. ஒரு மாதம் கழித்து வந்த தாய் சொன்னார்: "வந்தால் ஒரு நாள் கூலி போகிறது மேடம். பள்ளிக்கு அனுப்பத்தான் இங்கே கூட்டிவந்தேன். வாரம் ஒருநாள் லீவு போடச் சொல்கிறீர்களே?"

வராத பெற்றோரைப் பற்றி ‘விழிப்புணர்வு இல்லை’ என்று கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் உளவியலாளரும் நானும் மாலைகளில் உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் புரட்டினோம். பென்சிலால் கோடு கிழித்து, 18 வயதுக்குட்பட்டவர்களைத் தனியாகப் பிரித்தோம். பெரும்பாலோர் ஒரே ஒரு முறை வந்தவர்கள். தொலைதூரக் கிராமத்துப் பிள்ளைகள்தான் நின்றுபோயிருப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். மருத்துவமனைக்குப் பின்தெருப் பிள்ளைகளும் அப்படியே நின்றிருந்தார்கள். அப்படியானால் தடை தூரம் மட்டும் அல்ல. பள்ளியும் கூலி வேலையும் நடக்கிற அதே காலை நேரத்தில்தான் எங்கள் கதவும் திறந்திருந்தது.

நாட்டளவிலும் கணக்கு இப்படித்தான் பாதியில் நிற்கிறது. 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. அந்த எண்ணை நான் பல இடங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறேன். ஆனால் வயிற்றுவலியோடு வந்த பத்து வயதுக்காரி அந்த 7.3க்குள் இல்லை. இத்தனைக்கும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு தரவேண்டிய சேவைகளில் குழந்தைகள் மனநலச் சேவையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எத்தனை குழந்தைகள் என்று தெரியாமல் எத்தனை உளவியலாளர்களைக் கேட்பது?

நான்கு பக்கக் குறிப்பு எழுதி மேலதிகாரிகளிடம் கொடுத்தோம். படிவத்தை மாற்றும் அதிகாரம் மாவட்டத்துக்கு இல்லை என்று பதில் வந்தது. நேரத்தை மாற்றலாம் அல்லவா என்று திரும்பக் கேட்டோம். மூன்றாவது முறை கேட்டபோது சனிக்கிழமை பிற்பகல் கிடைத்தது. இடம், பிசியோதெரபி அறை. அதற்காகத் தன் ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுத்த செவிலியருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அந்தச் சிறுமி ஆறு சனிக்கிழமைகள் தொடர்ந்து வந்தாள். பள்ளி இடைவேளையில் தலைமையாசிரியரின் போனிலிருந்து அம்மாவுடன் ஒரு நிமிடம் பேச ஏற்பாடு செய்தோம். பிறகு அந்த ஒரு நிமிடமும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

படிவம் இன்னும் மாறவில்லை. மாதந்தோறும் வயதுவாரிக் கணக்கைத் தனித்தாளில் எழுதி அறிக்கையோடு பின் அடித்து அனுப்புகிறேன். இரண்டு ஆண்டுகள் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன மாதம் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "மேடம், இந்த முறை அந்தத் தனித்தாள் வரவில்லையே?"

அன்று மாலையே எழுதி அனுப்பினேன்.