டிபிஎஸ் வந்துவிட்டது, இனிப் படிப்பிக்கலாமா?

லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் தொண்டர்களின் தோளில்தான் நிற்கின்றன. கிழமை முழுக்க வேலைக்குப் போய்விட்டு, சனி காலையில் வந்து அ, ஆ எழுதப் பழக்குகிற அம்மாக்கள், அப்பாக்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் சிறுவர் வகுப்புக்கு ஆள் தேவை என்றார்கள். நான் வருகிறேன் என்றேன். விண்ணப்பப் படிவம், இரண்டு பேரிடம் நற்சான்று, நேர்முகம், டிபிஎஸ் (DBS, பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவரின் குற்றப் பதிவைப் பார்க்கிற அரச அமைப்பு) சோதனை, பயிற்சி, இவ்வளவும் முடிந்த பிறகுதான் வகுப்புக்குள் போகலாம் என்று சொல்லிவிட்டார் தலைமை ஆசிரியை. இதே வழியில் வரப்போகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

நற்சான்று தருகிறவர் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. நம்மவர்களுக்கு இதுவே ஒரு சிக்கல். தெரிந்தவர் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் உறவு, இல்லாவிட்டால் ஒரே ஊர். நான் என் வேலைத்தல மேலாளரின் பெயரையும், மகளின் பகல்நேரப் பள்ளி ஆசிரியை ஒருவரின் பெயரையும் கொடுத்தேன். இருவருக்கும் கடிதம் போனது. அதில் இருந்த ஒரு கேள்வி: இவரைப் பிள்ளைகளோடு விடுவதில் உங்களுக்கு ஏதாவது தயக்கம் உண்டா? இப்படி நேராகக் கேட்பது நல்லது. ‘நல்லவர், பழக இனியவர்’ என்று பொதுவாக எழுதித் தப்ப முடியாது.

டிபிஎஸ் படிவத்தில் ஆளைத் தடுக்கி விழுத்துவது பெயர்தான். இலங்கைக் கடவுச்சீட்டில் என் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு வங்கிக் கணக்கும் சாரதி அனுமதிப்பத்திரமும் கணவரின் பெயரில். ஓர் இடத்தில் ஓர் எழுத்து கூட, இன்னோர் இடத்தில் குறைய. இதுவரை பாவித்த எல்லாப் பெயர்களையும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று எழுதச் சொல்கிறார்கள். கடைசி 5 ஆண்டுகளில் இருந்த முகவரிகள் எல்லாமும் இடைவெளி இல்லாமல் வேண்டும். அறை எடுத்து இருந்து, வீட்டுக் கடிதம் ஒன்றும் தங்கள் பெயரில் வராதவர்கள் இங்கே திணறுகிறார்கள். திருமணச் சான்றிதழையும் கையோடு கொண்டுபோங்கள்.

அப்புறம், பள்ளிக்கூடம் நேரே டிபிஎஸ்ஸுக்கு அனுப்ப முடியாது. ஆண்டுக்குக் குறைந்தது 100 விண்ணப்பங்கள் அனுப்புகிற அமைப்புகளுக்குத்தான் நேரடிப் பதிவு. எங்களைப் போன்ற சிறிய பள்ளிக்கூடங்கள் பதிவுபெற்ற வேறோர் அமைப்பின் ஊடாக அனுப்ப வேண்டும். தொண்டருக்கு டிபிஎஸ் இலவசம். அந்த இடை அமைப்பு எடுக்கிற சேவைக் கட்டணத்தைப் பள்ளிக்கூடம் கட்டியது. பயணச் செலவுக்கு மேல் ஒரு சிறு தொகை சம்பளம் போலக் கொடுத்தாலும் நீங்கள் தொண்டர் அல்ல, முழுக் கட்டணமும் வரும்.

எல்லோருக்கும் இந்தச் சோதனையைக் கேட்கவும் சட்டம் விடாது. மேற்பார்வை இல்லாமல் கிழமைக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவருக்கு உயர்நிலைச் சோதனையும், பிள்ளைகளோடு வேலை செய்யத் தடைசெய்யப்பட்டவர்களின் பட்டியலும் பார்க்கலாம். ஆண்டு விழாவுக்குக் கதிரை அடுக்க மட்டும் வருகிற அப்பாவுக்குப் பார்க்க முடியாது. அவர் பிள்ளைகளோடு தனியாக நிற்காதபடி பள்ளிக்கூடம்தான் ஒழுங்கு செய்ய வேண்டும்.

படிவங்கள் வந்தபோது முகம் வாடியவர்களும் இருந்தார்கள். ஊரில் வாத்தியாராக இருந்து பென்ஷன் எடுத்த ஓர் ஐயா, “இவ்வளவு காலம் படிப்பிச்ச என்னையும் பொலிஸ் பாக்கவேணுமோ?” என்று கேட்டார். அவருடைய கோபம் எனக்கு விளங்கியது. போர்க்காலத்தில் கொழும்பில் லொட்ஜில் தங்கியவர்களுக்குப் பொலிஸ் பதிவு என்றால் என்ன என்று தெரியும். தமிழர் என்பதற்காகவே வரிசையில் நின்று, துண்டு வாங்கி, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த தலைமுறை அது. தலைமை ஆசிரியை வாதாடவில்லை. “ஐயா, முதல் போன படிவம் என்னுடையது. இந்தாங்கோ, பாருங்கோ” என்று தன் சான்றிதழை மேசையில் வைத்தார். இது விசாவைப் பார்க்கிற படிவம் இல்லை, சான்றிதழ் உங்கள் வீட்டுக்குத்தான் தபாலில் வரும், நீங்கள் காட்டினால்தான் நாங்கள் பார்ப்போம் என்றும் விளக்கினார். ஐயா கையெழுத்துப் போட்டார்.

இந்தச் சோதனை இன்றைய வடிவத்துக்கு வந்த கதையையும் அன்று தலைமை ஆசிரியை சொன்னார். 2002 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சோஹம் என்ற சிற்றூரில் 10 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் அந்த ஊர் உயர்பள்ளியில் பராமரிப்பு வேலை பார்த்தவன். முன்பு இருந்த ஊரில் அவன்மீது பாலியல் குற்ற முறைப்பாடுகள் பல பொலிஸுக்குப் போயிருந்தன. வேலைக்கு எடுத்தபோது அந்தத் தகவல் பள்ளிக்கு வந்து சேரவில்லை. 2004இல் இதை ஆராய்ந்த பிச்சார்ட் விசாரணையின் அறிக்கை, 2006இல் புதிய சட்டம், 2012 டிசம்பரில் டிபிஎஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை எல்லாம் அந்த ஓட்டையை அடைக்கத்தான்.

ஆனால் சான்றிதழ் சொல்வது ஏற்கெனவே பதிவானதை மட்டும். ஒருபோதும் பிடிபடாதவனுக்கும் அது வெறுமையாகத்தான் வரும். வேறு நாட்டில் நடந்த குற்றமும் பொதுவாக அதில் இராது. ஆகவே என் சான்றிதழ் வந்ததும் படிப்பிக்க விடுவார்களா என்று கேட்டபோது, பயிற்சிக்குப் போய்வாருங்கள் என்றார்கள். அது சரியான பதில் என்று பயிற்சி முடிந்தபோது முழுதாக நம்பினேன்.

கவுன்சில் மண்டபத்தில் நடந்த பயிற்சி. நடத்தியவர் முன்னாள் சமூகப் பணியாளர். உடல் வதை, மன வதை, பாலியல் வதை, கவனிப்பின்மை என்று நான்கு வகைகளையும் சொல்லிவிட்டு, கடைசியானதில் நீண்ட நேரம் நின்றார். மார்கழிக் குளிரில் கோட் இல்லாமல் வருகிற பிள்ளை, ஒவ்வொரு கிழமையும் பசியோடு வருகிற பிள்ளை, பல் வலியை மாதக்கணக்கில் சொல்லுகிற பிள்ளை. ஒரு தடவை பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் சின்ன விஷயத்தையும் திகதி போட்டு எழுதச் சொல்கிறார்கள்.

பிறகு எங்களைச் சோடியாக இருத்தி ஒரு பயிற்சி. ஒருவர் பிள்ளை, மற்றவர் ஆசிரியர். பிள்ளையாக இருந்தவர் என்னிடம் சொன்னார்: “அக்கா, ஒண்டு சொல்லட்டா? ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ.” அந்த இடத்தில் யாருக்கும் சத்தியம் பண்ணத்தான் வாய் வரும். பண்ணக்கூடாது. “நீ சொல்வதைக் கேட்கிறேன். உன்னைப் பாதுகாக்க வேண்டி வந்தால், உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லுவதும் சொல்லாமல் விடுவதும் பிள்ளையின் விருப்பம்.

கேள்வி கேட்பதிலும் கவனம். “மாமா அடிச்சவரா?” என்று பதிலை நாங்களே வாயில் ஊட்டினால், பின்னால் பொலிஸ் விசாரணையே பழுதாகலாம். “என்ன நடந்தது, சொல்லு” என்பதோடு நிறுத்த வேண்டும். பிள்ளை சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே அன்றே எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வைத்து, பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் கொடுக்க வேண்டும். நானாகத் துப்பறியக்கூடாது. வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கக்கூடாது. பிள்ளைக்கு ஆபத்து அந்த வீட்டிலேயே இருக்கலாம். கோயிலில், வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது. பொறுப்பானவர் மீதே முறைப்பாடு என்றால், கவுன்சிலில் இதற்கென இருக்கிற அதிகாரியிடம் நேரே போக வேண்டும்.

பயிற்சி நடத்திய பெண்மணி எங்கள் மேசைக்கு வந்து கேட்ட ஒரு கேள்வி இன்னும் என் மனதில் நிற்கிறது. உங்கள் பள்ளிக்கூட வாசலில் இருந்து ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால், யாரும் கேள்வி கேட்காத ஆட்கள் யார்? நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மாமா, சித்தப்பா, அங்கிள், அன்ரி என்று யார் பிடித்துக்கொண்டு போனாலும் நாங்கள் கையசைத்து அனுப்புகிறவர்கள். பெரியவரை மறித்துக் கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். பிள்ளைக்கும் அதையே பழக்கியிருக்கிறோம்.

அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் பல விஷயங்கள் மாறின. பெற்றோர் எழுதித் தந்த பட்டியலில் பெயர் இல்லாதவரோடு பிள்ளையை அனுப்புவதில்லை, அவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும். தொண்டர் எவரும் பிள்ளையைத் தனியாகத் தன் காரில் ஏற்றுவதில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிச் செய்தி அனுப்புவதில்லை. பெற்றோரும் இருக்கிற குழுவில்தான் அறிவித்தல். பொங்கல் விழாப் படங்களுக்கு முன்கூட்டியே சம்மதம். காது முறுக்குவதும் தலையில் குட்டுவதும் அறவே இல்லை. இதில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. தமிழ் படிக்க வருகிற பிள்ளை பயந்து வந்தால் தமிழும் தங்காது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. சான்றிதழில் போட்ட திகதியிலிருந்து 30 நாட்களுக்குள் டிபிஎஸ்ஸின் இணையவழிப் புதுப்பிப்புச் சேவையில் சேர்ந்துவிடுங்கள். தொண்டருக்கு அதுவும் இலவசம். அதே வகைத் தொண்டுக்கு நாளை வேறு தமிழ்ப் பள்ளிக்கூடமோ நடன வகுப்போ போனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கத் தேவை வராது. பிள்ளைகள் பாதுகாப்புக்கான தொண்டு நிறுவனம் என்எஸ்பிசிசி (NSPCC). ஒரு பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிற பெரியவர்களுக்கான அதன் இலக்கம் 0808 800 5000. பிள்ளைகள் தாங்களே பேசக்கூடிய சைல்ட்லைன் 0800 1111. உடனடி ஆபத்து என்றால் 999.